விரல் நுனியில் சுண்ணாம்பு: தொடர்கதை வாசகர்களின் கேள்விகளும் பதில்களும்

நமது இதழில் இருபத்தாறு வாரங்கள் வெளிவந்து சென்ற இதழோடு முடிந்த என் தொடர்கதையைப் பற்றி வந்த கடிதங்களுள் சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். தொடரைப் படிக்காதவர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2023 டிசம்பர் 17ஆம் தேதி இரவு தாமிரபரணி பெருகியபோது, ஏரலுக்கு அருகே நான் பெயரை மாற்றி எழுதிய ஒரு சிற்றூரில் ஒரு சம்சாரி, அதாவது விவசாயி, காணாமல் போகிறார். ஆறு கொண்டுபோய்விட்டது என்று ஊர் நம்பிக் காரியமும் செய்து முடித்துவிடுகிறது. அடுத்த ஆடியில் சுடலைமாடன் கோயில் திருவிழாவான கொடையன்று, மகுடம் என்ற பறையின் சத்தம் உச்சத்துக்கு ஏறும் நேரத்தில், பதினொன்றாம் வகுப்புப் படிக்கும் பேச்சி என்ற பெண்ணுக்கு ஒரு காட்சி தெரிகிறது. ஒரு மோட்டார் அறை, வெளியே மழை, ஒருவர் கழுத்தை நெரிக்கும் இரண்டு கைகள், பிறகு வெள்ளம் ஏறிக்கொண்டிருக்கும் ஒரு கிணறு. கொன்றவரின் கண் வழியாகவே அவள் காண்பதால் அவர் முகம் அவளுக்குத் தெரிவதில்லை. வலக்கை ஆள்காட்டி விரலின் நுனியில் ஒட்டியிருந்த சுண்ணாம்பு மட்டும் தெரிகிறது. சுண்ணாம்பு என்றதும் ஊர் ஒரு பனையேறியைப் பிடித்துக் கட்டிவைத்து அடிக்கிறது. கடைசியில் அது வெற்றிலை போடும் பழக்கமுள்ள ஒரு நிலத்தரகரின் விரல் என்று தெரியவருகிறது.

கேள்வி: காட்சி பேச்சிக்குத் தெரிகிறது, குற்றவாளியைக் காட்டிக் கொடுப்பதோ வில்லங்கச் சான்று. அப்படியானால் அமானுஷ்யம் எதற்கு? அதை எடுத்துவிட்டாலும் கதை நிற்குமே. (ஓய்வுபெற்ற தமிழாசிரியர், பாளையங்கோட்டை)

பதில்: ஐயா, நீங்கள் ஆண்டுதோறும் வகுப்பில் நடத்தியிருக்கும் சிலப்பதிகாரத்தையே சாட்சிக்கு அழைக்கிறேன். கனாத்திறம் உரைத்த காதையில் கண்ணகி தன் தோழி தேவந்தியிடம் ஒரு கனவைச் சொல்கிறாள். கணவன் கைப்பிடித்து அழைத்துப்போக இருவரும் ஒரு பெருநகருக்குள் நுழைகிறார்கள். அவ்வூரார் தேளை எடுத்து மேலே போட்டதுபோல் ஒரு பழியைப் போடுகிறார்கள். கோவலனுக்குத் தீங்கு நேர்ந்தது என்று கேட்டு அவள் காவலன் முன்னே போய் வழக்குரைக்கிறாள். மணமானபோது அவளுக்குப் பன்னிரண்டு வயது என்று இளங்கோவடிகள் சொல்கிறார். இந்தக் கனவு வரும்போது சில ஆண்டுகள் கூடியிருக்கும். ஆகவே வேண்டாத காட்சியைக் கண்டு நெஞ்சு நடுங்கிய இளம்பெண் தமிழுக்குப் புதியவள் அல்லள். அந்தக் கனவு எதையும் தடுக்கவில்லை என்பதையும் கவனியுங்கள். குளத்தில் நீராடிக் காமன் கோட்டத்தில் தொழுதால் சரியாகும் என்று தோழி பரிகாரம் சொல்ல, அது பெருமையன்று என்று கண்ணகி மறுத்துவிடுகிறாள். அன்றே கோவலன் திரும்பி வருகிறான். இருவரும் மதுரைக்குப் புறப்பட்டுவிடுகிறார்கள்.

வழக்குரை காதையிலும் ஒரு கனவு வருகிறது. செங்கோலும் குடையும் சாய, வாயில் மணி நடுங்க, இரவிலே வில்லும் பகலிலே விழும் மீனும் கண்டதாகப் பாண்டிமாதேவி சொல்கிறாள். அரசன் அந்தக் கனவைக் கேட்டுத் தன் தீர்ப்பை மாற்றிக்கொள்ளவில்லை. சிலம்புக்குள் இருப்பது முத்தா மாணிக்கமா என்ற ஒரே கேள்விதான் வழக்கைத் தீர்த்தது. சிலம்பு உடைந்தது, பரல் தெறித்தது, அரியணையிலிருந்து அரசன் விழுந்தான். காட்சிக்கும் சான்றுக்கும் இடையிலுள்ள வேலைப் பிரிவினையை இதைவிடத் தெளிவாக யாரும் வகுத்துக் காட்டியதாக எனக்குத் தெரியவில்லை.

என் கதையில் வில்லங்கச் சான்றுதான் சிலம்பு. அதில் ஒவ்வொரு பத்திரத்துக்கும் எதிரே எழுதிக்கொடுத்த நாள், தாக்கல் செய்த நாள், பதிவான நாள் என்று மூன்று தேதிகள் ஒன்றன்கீழ் ஒன்றாக இருக்கும். எழுதிய நாளிலிருந்து நான்கு மாதத்துக்குள் பத்திரத்தைப் பதிவுக்குக் கொடுக்கலாம் என்று 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டம் இடம் தருவதால், டிசம்பர் 11இல் எழுதப்பட்ட கிரயப் பத்திரம் ஜனவரியில் பதிவாவதில் தன்னளவில் தவறில்லை. ஆனால் எழுதிக்கொடுத்தவர் பதிவாளர் முன் தோன்றி ஒப்புக்கொள்ள வேண்டும். டிசம்பர் 17இல் ஆற்றோடு போனவர் ஜனவரியில் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எப்படி வந்து கைரேகை வைத்தார்? இறந்தவரின் அக்காள் இ-சேவை மையத்தில் அச்செடுத்த அந்தத் தாளை நாலாக மடித்து மடியில் செருகிக்கொண்டு காவல் நிலையத்துக்கு நடந்து வரும் அத்தியாயத்தைத்தான் நான் முதலில் எழுதினேன். மற்றவை எல்லாம் அதன் பிறகு எழுதியவை.

காட்சி இல்லாவிட்டால் அந்த அக்காளுக்குச் சான்று எடுத்துப் பார்க்க வேண்டும் என்றே தோன்றியிருக்காது. வழக்கைத் தொடங்கிவைக்கிற வேலையை மட்டும் காட்சிக்குக் கொடுத்தேன். முடித்துவைக்கிற வேலையையும் கொடுத்திருந்தால் ஆய்வாளர், அக்காள், வாசகர் எல்லாரும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

கேள்வி: அந்த வெள்ளத்தில் எங்கள் வீட்டில் கழுத்தளவு தண்ணீர் நின்றது. எங்கள் துயரத்தைக் கொலைக்கதைக்குத் திரைச்சீலை ஆக்கியது எனக்கு வருத்தமாக இருந்தது. (ஒரு வாசகி, ஸ்ரீவைகுண்டம்)

பதில்: அம்மா, உங்கள் வருத்தம் நியாயமானது, எழுதும்போது எனக்கும் அந்தத் தயக்கம் இருந்தது. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டிய நாள் அது. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட ரயில் உங்கள் ஊர் நிலையத்தில் நூற்றுக்கணக்கான பயணிகளோடு நின்றுபோனதை நாடே பார்த்தது. குளங்கள் உடைந்து, தொலைபேசி செத்து, பக்கத்துத் தெருவில் யார் இருக்கிறார்கள் என்றே தெரியாத அந்த இரண்டு நாட்களில் ஒருவர் காணாமல் போனால் யாரும் ஏன் என்று கேட்பதில்லை. எங்கே என்று மட்டுமே கேட்கிறார்கள். பொதுத் துயரத்துக்குள் ஒரு தனித்துரோகம் ஒளிந்துகொள்ள முடியும் என்ற எண்ணம் என்னைத் தூங்கவிடவில்லை. வெள்ளத்தை அழகுக்காக வருணித்த ஒரு பத்தி ஐந்தாம் வாரத்தில் இருந்தது. திருநெல்வேலிக் குறுக்குத்துறை முருகன் கோயில் தண்ணீருக்குள் மூழ்கி நிற்கும் காட்சி அது. கதை நடப்பது ஏரல் பக்கம். குறுக்குத்துறை அங்கே வரத் தேவையே இல்லை. நூலாக வரும்போது அந்தப் பத்தி இருக்காது.

கேள்வி: கொலை வழக்கு என்றால் இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவின் 103ஆம் பிரிவு. நீங்கள் கடைசிவரை 302 என்றே எழுதியிருக்கிறீர்கள். அதோடு, உடல் இருக்கும் இடத்தைச் சொன்ன பெண்ணின் தகப்பனையே ஆய்வாளர் சந்தேகிப்பது செயற்கையாக இருக்கிறது. (சட்டக் கல்லூரி மாணவர், திருநெல்வேலி)

பதில்: தம்பி, முதல் கேள்வியில் நீங்கள் அவசரப்பட்டுவிட்டீர்கள். புதிய சட்டங்கள் நடப்புக்கு வந்தது 2024 ஜூலை 1ஆம் தேதி. குற்றம் நடந்தது 2023 டிசம்பரில். ஆகவே குற்றப்பிரிவு இந்திய தண்டனைச் சட்டத்தின் 302தான். முதல் தகவல் அறிக்கை பதிவானது ஆடிக் கொடைக்குப் பிறகு, அதாவது ஜூலை 1 கழிந்த பின். ஆகவே விசாரணை நடைமுறை மட்டும் புதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின்படி. ஒரே வழக்கில் பழைய சட்டமும் புதிய சட்டமும் தோளோடு தோள் நிற்கும் இந்த இடைக்காலம் கதாசிரியனுக்குத் தலைவலிதான். பிரிவு எண்ணைச் சரிபார்க்கவே இரண்டு வாரம் போயிற்று.

இரண்டாவது கேள்விதான் கதையின் முதுகெலும்பு. போலீஸாரிடம் கொடுக்கும் ஒப்புதல் வாக்குமூலம் செல்லாது. ஆனால் காவலில் உள்ளவர் தந்த தகவலால் ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால் அந்தத் தகவலின் அந்தப் பகுதி மட்டும் செல்லும். பழைய சாட்சியச் சட்டத்தில் இது 27ஆம் பிரிவு. புதிய சாக்‌ஷ்ய அதினியத்தில் 23ஆம் பிரிவுக்குள் விலக்காக வைக்கப்பட்டிருக்கிறது. மறைத்து வைக்கப்பட்ட ஒன்றை ஒருவர் காட்டிக் கொடுத்தால் அந்த அறிவு அவருக்கு மூன்று வழிகளில்தான் வந்திருக்க முடியும் என்று மகாராஷ்டிர மாநிலத்துக் கொலை வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் விளக்கியது. அவரே மறைத்திருக்க வேண்டும். பிறர் மறைப்பதைக் கண்டிருக்க வேண்டும். அல்லது மறைத்தவர் சொல்லக் கேட்டிருக்க வேண்டும். பின்னைய இரண்டில் ஒன்று என்று குற்றஞ்சாட்டப்பட்டவர் எடுத்துச் சொல்லாவிட்டால் அவரே மறைத்தார் என்று நீதிமன்றம் கொள்ளலாம்.

இப்போது பேச்சியின் நிலையை எண்ணிப் பாருங்கள். எட்டு மாதமாக வண்டல் மூடிக் கிடக்கும் கிணற்றைக் காட்டி "அதுக்குள்ள இருக்கு" என்று ஒரு பதினாறு வயதுப் பெண் சொல்கிறாள். கண்டேன் என்கிறாள், ஆனால் அந்த இடத்தில் தான் இருக்கவில்லை என்றும் சொல்கிறாள். சட்டம் வைத்திருக்கும் மூன்று கதவுகளில் எதன் வழியாகவும் அவளால் வெளியே வர முடியாது. ஆய்வாளருக்கு எஞ்சுவது ஒன்றே: வீட்டில் யாரோ செய்ததைப் பெண் பார்த்திருக்கிறாள், சாமி பெயரைச் சொல்லி இப்போது கக்குகிறாள். அவர் கெட்டவர் என்பதால் தகப்பனைச் சந்தேகிக்கவில்லை. ஒழுங்காகப் படித்தவர் என்பதால் சந்தேகிக்கிறார். பெண்ணை நிலையத்துக்கு வரச்சொல்லாமல், சீருடை அணியாத பெண் உதவி ஆய்வாளரை வீட்டுக்கே அனுப்பி விசாரித்ததும் அதே படிப்பினால்தான்.

கேள்வி: நான் பனையேறியின் மகன். வெள்ளம் வந்தது மார்கழிப் பிறப்பில். அந்த மாதத்தில் பதனீர் ஏது? பதனீர் இல்லையென்றால் கலயத்துக்குச் சுண்ணாம்பு ஏது? (ஒரு வாசகர், உடன்குடி)

பதில்: அண்ணாச்சி, இந்தக் கடிதத்தை நான் மூன்று முறை படித்தேன், மூன்றாம் முறை எழுந்து நின்றுகொண்டு படித்தேன். பிழை என்னுடையதுதான். நம் பக்கத்துப் பனைகளில் பதனீர் மாசி, பங்குனியில் சூடுபிடித்து ஆடி வாக்கில் ஓய்ந்துவிடும். பாளையில் கட்டும் கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவுவது பதனீர் புளித்துக் கள்ளாகாமல் இருப்பதற்காக. இறக்க ஒன்றும் இல்லாத மார்கழியில் எந்தப் பனையேறியும் சுண்ணாம்பைக் கையால் தொட வேண்டிய தேவை இல்லை. நான் கொடையை ஆடியில் வைத்ததால், கலயமும் சுண்ணாம்பும் என் மனத்தில் ஆடி மாதத்திலேயே நின்றுவிட்டன.

வெட்கம் அதோடு முடியவில்லை. அந்த மனிதரைக் காப்பாற்றுவதற்கு நான் வேறு சாட்சிகளைத் தேடி நான்கு வாரம் அலைந்தேன். தூத்துக்குடி முகாமில் அவர் தங்கியிருந்ததாக ஒரு பதிவேடு, அதைத் தேடிப் போகும் ஒரு வழக்கறிஞர் என்று பக்கங்கள் நீண்டன. "மார்கழியில ஏதுய்யா சுண்ணாம்பு?" என்ற அவருடைய ஒற்றைக் கேள்வி போதுமாக இருந்திருக்கும். அதைவிட மோசமானது, அவரைக் கட்டிவைத்து அடித்த ஊரில் அத்தனை பேரும் பதனீர் குடித்து வளர்ந்தவர்கள். அவர்களுக்கு அந்தக் கணக்கு தெரியாமல் இருக்க முடியாது. தெரிந்தும் அடித்தார்கள் என்று எழுதினால் அது வேறு கதை, இன்னும் இருண்ட கதை. நூலில் அப்படித்தான் எழுதப்போகிறேன். உங்கள் தகப்பனார் கலயத்தில் சுண்ணாம்பு தடவும்போது கை எதுவரை வெளுக்கும் என்று நீங்கள் எழுதியிருந்த வரியையும், அனுமதித்தால், எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: கொடை என்பது எங்களுக்குத் தெய்வ காரியம். அங்கே ஒரு பெண்ணுக்குக் கொலைக்காட்சி தெரிவதாக எழுதியது சாமியாடிகளை இழிவுபடுத்துவதாகாதா? (ஒரு வாசகி, அம்பாசமுத்திரம்)

பதில்: ஆகாது என்று நினைக்கிறேன், பேச்சியைச் சாமியாடியாக நான் எழுதவே இல்லை. இரண்டுக்கும் உள்ள தூரத்தைக் காட்டத்தான் கொடையைத் தேர்ந்தெடுத்தேன்.

கொடை தொடங்கும் அடையாளமாகக் கால்நாட்டிய நாளிலிருந்து சாமியாடி விரதம் இருக்கிறார். அவருக்குச் சல்லடம் என்ற ஆட்டக் கால்சட்டை உண்டு, வல்லயம் என்ற ஈட்டி உண்டு, முன்னே தீப்பந்தம் பிடிக்க ஆள் உண்டு. வில்லுப்பாட்டில் குடத்தின் மேல் அடி விழுவதும், கணியான் ஆட்டத்தில் அண்ணாவி பாட இரண்டு மகுடங்களும் சேர்ந்து ஏறுவதும் அவருக்கு எப்போது வர வேண்டும், எப்போது போக வேண்டும் என்று சொல்லிவிடுகின்றன. சாமக்கொடையில் மயானத்துக்கு வேட்டைக்குப் போனவர் திரும்பி வந்ததும் திருநீறு பூசி, தண்ணீர் தெளித்து, ஊரே அவரை மனிதராக்கி வீட்டுக்கு அனுப்புகிறது. என் பெரியப்பா ஒருவர் முப்பது ஆண்டுகள் சுடலைக்கு ஆடியவர். கொடை முடிந்த மறுநாள் காலை தேநீர்க் கடை பெஞ்சில் உட்கார்ந்து, குரல் கட்டிய தொண்டையோடு, "நேத்து ராத்திரி யாருக்குல என்ன சொன்னேன்?" என்று எங்களிடம் கேட்பார். கேட்டுவிட்டு, நாங்கள் சொல்வதை யாரோ ஒருவரைப் பற்றிய செய்தியைப்போல் ஆர்வமாகக் கேட்டுக்கொண்டு பட்சணத்தைக் கடிப்பார். மறக்கும் உரிமை அவருக்கு இருந்தது.

பேச்சிக்கு அந்த உரிமை இல்லை. யாரும் அவளுக்குக் கால்நாட்டவில்லை, யாரும் திருநீறு பூசி இறக்கிவிடவும் இல்லை. மகுடம் நின்ற பின்னும் அவளுக்குக் காட்சி நிற்கவில்லை. மறுநாள் கணக்குப் பாட வேளையில் தன் கைகளையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கொலையுண்டவர்களும் போரில் விழுந்தவர்களும் தெய்வமாகி நிற்கும் சீமை நம்முடையது. மாடு கவர வந்தவர்களோடு போரிட்டு மடிந்த முத்துப்பட்டனுக்குக் காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலில் இன்றும் செருப்புக் காணிக்கை செலுத்துகிறார்கள். யார், எப்படி, எதற்காகக் கொன்றார்கள் என்பதை விடிய விடியப் பாடிக் கேட்கும் மரபில் வந்தவன் குற்றக்கதை எழுதும்போது கோயில் வாசலைத் தாண்டிப் போக முடியாது.

கேள்வி: என் மகளுக்குப் பதினைந்து வயது. சில மாதங்களாக நடக்கப்போவது தெரிவதாகச் சொல்கிறாள், திடீரென்று வெறித்துப் பார்க்கிறாள், அழுகிறாள். உறவினர்கள் ஒரு கோயிலில் கொண்டுபோய்த் தங்கவைக்கச் சொல்கிறார்கள். உங்கள் கதையைப் படித்ததிலிருந்து எனக்குக் குழப்பமாக இருக்கிறது. (பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட ஒரு தாய்)

பதில்: அம்மா, என் கதையை முதலில் ஓரமாக வைத்துவிடுங்கள். பேச்சி நான் கட்டிய பெண். உங்கள் மகள் உங்கள் மகள்.

இந்த வயதில் இத்தகைய அனுபவங்களுக்குப் பல காரணங்கள் உண்டு. வயிற்றிலிருந்து திடீரென்று எழும் பயம், இல்லாத ஒரு வாசனை, இது முன்பே நடந்தது என்ற உணர்வு, சில நொடிகள் வெறித்த பார்வை, அப்போது வாய் மெல்லுவதுபோல் அசைவது ஆகியவை மூளையின் பக்கவாட்டு மடலில் தோன்றும் ஒருவகை வலிப்பின் அறிகுறிகளாக இருக்கலாம். கை கால் வெட்டி இழுக்காததால் அதை வலிப்பு என்றே பலர் அறிவதில்லை, மருந்தில் கட்டுப்படக்கூடியது. தூக்கத்தின் விளிம்பில் உடல் அசையாமல் யாரோ நெஞ்சில் உட்கார்ந்திருப்பதாகத் தோன்றுவதை நாம் அமுக்குவான் பேய் என்கிறோம். அது தூக்கம் தொடர்பான, பெரும்பாலும் தீங்கற்ற ஒன்று. மனச்சோர்வும் மனநோயின் தொடக்கமும்கூட இப்படித் தோன்றலாம். வெளியே சொல்ல முடியாத ஏதோ ஒன்று அவளுக்கு நேர்ந்திருக்கவும் கூடும். எது என்று நான் சொல்ல முடியாது, மருத்துவர் சொல்வார். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள். முதலில் பேசிப் பார்க்க வேண்டும் என்றால் 14416 என்ற டெலி-மானஸ் மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம். அவளை யாரேனும் துன்புறுத்துவதாக ஐயம் இருந்தால் குழந்தைகள் உதவி எண் 1098.

கோயிலுக்குப் போவதை நான் தடுக்க மாட்டேன்; கும்பிட்டுவிட்டு அன்றே வீட்டுக்கு வந்துவிடுங்கள். 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி ஏர்வாடியில் ஒரு காப்பகம் தீப்பிடித்தபோது 28 மனநோயாளிகள் இறந்தார்கள். சங்கிலியால் கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியவில்லை. மனநோயாளியைச் சங்கிலியால் கட்டுவதை 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் முற்றாகத் தடைசெய்கிறது. சங்கப் பாடல்களில் மகளின் உடல் மெலிவைக் கண்டு தாய் முருகன் பூசாரியான வேலனை அழைத்து வெறியாடச் செய்வாள். அவன் முருகன் அணங்கினான் என்பான். காரணம் என்னவென்று அந்தப் பெண்ணுக்குத் தெரியும், அவளை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். நீங்கள் உங்கள் மகளைக் கேளுங்கள், அவசரப்படுத்தாமல்.

கேள்வி: உண்மையில் யாருக்காவது இப்படி ஞானக்கண் உண்டா? போலீஸுக்கு உதவியிருக்கிறார்களா? (பள்ளி மாணவர், தென்காசி)

பதில்: கேரளத்தில் பிறந்து இலங்கையில் வாழ்ந்த பகுத்தறிவாளர் ஆபிரகாம் கோவூர், ஏமாற்றுக்கு இடமில்லாத சூழலில் இத்தகைய ஓர் ஆற்றலைச் செய்து காட்டுபவருக்கு ஒரு லட்சம் ரூபாய் தருவதாக 1963இல் அறிவித்தார். 1978இல் அவர் இறக்கும்வரை அந்தப் பணத்தை யாரும் வாங்கவில்லை. நடந்து முடிந்த பிறகு "நான் அன்றைக்கே சொன்னேனே" என்பவர்கள் ஒவ்வொரு தெருவிலும் உண்டு. சொன்ன பத்தில் பலித்த ஒன்றுதான் நமக்கு நினைவிருக்கும். நான் எழுதுவது கதை, தம்பி. தேர்வுக்கு முன்னால் வினாத்தாள் தெரிகிறது என்று யாரேனும் சொன்னால் அது ஞானக்கண் இல்லை, தனி வழக்கு.

கேள்வி: ஆய்வாளர் கோயம்புத்தூர்க்காரர், உதவி ஆய்வாளர் திசையன்விளைக்காரர் என்று வைத்ததற்குக் காரணம் உண்டா? (ஒரு வாசகர், வள்ளியூர்)

பதில்: இதைக் கேட்ட ஒரே ஆள் நீங்கள், நன்றி. பதினாறாம் வாரத்தில் பேச்சி தன் வாக்குமூலத்தில் "கழுத்தப் புடிச்சு நெரிச்சாவ" என்கிறாள். ஆய்வாளர் அதை "நெரித்தார்கள்" என்று எழுதிக்கொண்டு இரண்டு பேர் என்று தேடப் புறப்படுகிறார். வந்தாவ, சொன்னாவ என்பது நம் பக்கத்தில் ஒருவரையே மரியாதையாகச் சொல்லும் முறை என்பது உதவி ஆய்வாளருக்குத் தெரியும். "ஏட்டி, பனையேறியப் பத்தி நீங்க யாராவது 'ஆவ' போட்டுப் பேசி நான் கேட்டதில்லையே" என்று அவர் கேட்கும் இடத்தில்தான் வழக்கு திரும்புகிறது. முகத்தைப் பார்க்காத பெண்ணின் நாக்கு, அந்தக் கைகளின் மோதிரத்துக்கோ வெள்ளைச் சட்டைக்கோ பழக்கத்தால் மரியாதை கொடுத்துவிட்டது. உழைத்துப் பிழைக்கும் ஒரு பெரியவருக்கு அந்த ஊர் ஒருபோதும் கொடுக்காத மரியாதை அது.

கேள்வி: எட்டு மாதம் சேற்றில் கிடந்த உடலில் மூழ்கிச் சாகவில்லை என்று எப்படிக் கண்டுபிடிப்பார்கள்? (மருத்துவ மாணவி, பாளையங்கோட்டை)

பதில்: என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும், சோதிக்கிறீர்கள். உயிரோடு மூழ்கியவர் உள்ளிழுக்கும் நீரில் உள்ள டயாட்டம் என்ற நுண்பாசிகள் இரத்தத்தோடு எலும்பு மச்சைவரை போய்ச் சேரும். தொடை எலும்பில் தேடுவார்கள். அவை இல்லை என்பது மட்டும் முடிவான சான்று ஆகாது என்பதால் முறிந்த நாவடி எலும்பையும் சேர்த்தேன். ஈரச் சேற்றில் கொழுப்பு மெழுகாக மாறிக் கழுத்துப் பகுதி ஓரளவு எஞ்சியிருந்தது என்று எழுதியதைச் சிலர் அருவருப்பாக இருந்தது என்றார்கள். அது அப்படித்தான் இருக்கும்.

கேள்வி: குற்றப்பத்திரிகையின் சாட்சிப் பட்டியலில் பேச்சியின் பெயரே இல்லை. கூண்டில் ஆய்வாளர் அவளைப் பற்றி வாய் திறக்கவில்லை. அது பொய் சாட்சி ஆகாதா? (ஓர் இல்லத்தரசி, களக்காடு)

பதில்: ஆகாது. கண்ணால் காணத்தக்க செய்தியை அதைக் கண்டவரே சொல்ல வேண்டும் என்பது வாய்மொழிச் சாட்சியத்தின் விதி, பேச்சியைக் கூண்டில் ஏற்றினால் "அங்கே இருந்தாயா?" என்ற முதல் கேள்வியிலேயே அவளும் வழக்கும் விழுவார்கள். ஆனால் ஒரு குற்றம் நடந்த தகவல் எங்கிருந்து கிடைத்தது என்று சொல்லும்படி காவல் அதிகாரியைக் கட்டாயப்படுத்த முடியாது என்று ஒரு பிரிவு இருக்கிறது. பழைய சாட்சியச் சட்டத்தில் 125, புதியதில் 131. தகவலாளிகளைக் காப்பதற்காக எழுதப்பட்ட அந்தப் பிரிவுக்குள் ஒரு பள்ளிக்கூடப் பெண்ணும் ஒளிந்துகொள்ளலாம் என்று எனக்குத் தோன்றிய இரவில்தான் இந்தத் தொடரை எழுத முடியும் என்ற நம்பிக்கையே வந்தது.

அதனால்தான், கிணற்றை ஏன் தோண்டினீர்கள் என்று எதிர்த்தரப்பு வழக்கறிஞர் மூன்று முறை கேட்டபோதும் ஆய்வாளர் மூன்று முறையும் "கிடைத்த ரகசியத் தகவலின் பேரில்" என்று மட்டும் சொன்னார். முதல் வரைவில் பேச்சி நீதிமன்றத்தின் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருப்பதாக எழுதி, பிறகு அடித்துவிட்டேன். அந்த நேரத்தில் அவள் பள்ளி ஆய்வகத்தில் வேதியியல் செய்முறைத் தேர்வில் பியூரெட்டின் அளவைக் குனிந்து பார்த்து எழுதிக்கொண்டிருந்தாள். அதில் அவளுக்கு எவ்வளவு மதிப்பெண் கிடைத்தது என்று கேட்டும் இரண்டு கடிதங்கள் வந்திருக்கின்றன. முழு மதிப்பெண்.